பிக்கப் ஆன்டெனாவை இடம் மாத்த
வைக்கோல் கட்டு ஏத்துற பிக்கப்பில் கேபின் மேல் ஆன்டெனா நிக்காது, கயிறு பட்டே வளைஞ்சுடும். முன் ஃபெண்டருக்கு (முன் சக்கரத்துக்கு மேல இருக்கிற தகடு) மாத்திடுங்க.

பேட்டரி மைனஸைக் கழட்டிட்டு, தகட்டுக்கு அடியில் ஒயர் ஓடுதான்னு பார்த்துத் துளை போடுங்க. துளையைச் சுத்தி அடிப்பக்கம் ஒரு ரூபாய் காசு அகலத்துக்கு பெயின்ட்டைச் சுரண்டி வெறும் இரும்பு தெரியணும். எர்த் அங்கதான் கிடைக்குது. இதை விட்டுட்டு, காரைக்கால் எஃப்.எம். 100.3 கரகரங்குதுன்னு ஸ்டீரியோவைத் திட்டுறதுதான் வழக்கம். வெட்டு விளிம்புக்கு பிரைமர், மேலே ரப்பர் வாஷர். நாகப்பட்டினம் பக்கம் உப்புக்காத்து சும்மா விடாது.

ஆன்டெனா கம்பி 75 செ.மீ. வாக்கில் இருக்கட்டும், 100 மெகாஹெர்ட்ஸுக்குக் கால் அலைநீளம் அதுதான். கேபிள் பத்தலைன்னா சாதா ஒயரை முறுக்கி ஒட்டாதீங்க, ரெடிமேட் எக்ஸ்டென்ஷன் வாங்குங்க. கேபினுக்குள் நுழையிற ஓட்டையில் ரப்பர் குரோமெட் (கேபிள் தகட்டு விளிம்பில் உரசாம இருக்கப் போடுற வளையம்) கட்டாயம். அந்த ஓட்டைக்கு வெளிப்பக்கம் கேபிளைக் கொஞ்சம் கீழே தொங்கவிட்டு மேலே ஏத்துங்க, ஐப்பசி மழைத்தண்ணி அங்கேயே சொட்டிடும்.