மூன்றாவது கோப்பை வரை உட்காருங்கள்

எத்தியோப்பியாவில் யாராவது வீட்டுக்குக் காபி குடிக்கக் கூப்பிட்டால், அன்றைக்கு அதற்குப் பிறகு வேறு வேலை வைத்துக்கொள்ளாதீர்கள். பச்சைக் கொட்டையைக் கழுவுவதில் தொடங்கி மூன்றாவது கோப்பை கைக்கு வருவதற்குள் ஒன்றரை, இரண்டு மணி நேரம் ஓடிவிடும். முதல் கோப்பையைக் குடித்துவிட்டு "நல்லா இருந்தது, வர்றேன்" என்று எழுந்துவிடுவதுதான் வெளிநாட்டவர் வழக்கமாகச் செய்யும் தப்பு. வீட்டுக்காரர்கள் முகத்துக்கு நேரே ஒன்றும் சொல்ல மாட்டார்கள். ஆனால் பாதிச் சாப்பாட்டில் இலையை விட்டு எழுந்த மாதிரிதான் அது.

அழைப்பை ஏற்கும்போதே நேரத்தைச் சரிபார்த்துவிடுங்கள். அங்கே கடிகாரம் விடியலில் தொடங்குகிறது. நம் காலை ஏழு மணி அவர்களுக்கு ஒரு மணி. "ஒன்பது மணிக்கு வாங்க" என்றால் பிற்பகல் மூன்று. காலை ஒன்பதுக்குப் போய் நின்றால் வீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள். ஆறைக் கூட்டவோ கழிக்கவோ செய்தால் கணக்கு சரியாகிவிடும். நாழிகைக் கணக்கு அறிந்தவர்களுக்கு இதில் விநோதம் எதுவும் இல்லை. விமான டிக்கெட்டில் மட்டும் நமக்குப் பழக்கமான நேரமே இருக்கும். நாள்காட்டியும் வேறுதான்: 13 மாதங்கள், நம் கணக்குக்கு ஏழெட்டு ஆண்டுகள் பின்னால். அதனால் தேதியைச் சொல்வதைவிட "வர்ற வெள்ளிக்கிழமை" என்று கிழமையைச் சொல்வது நல்லது.

கையை வீசிக்கொண்டு போகாதீர்கள். சர்க்கரையோ வறுக்காத காபிக்கொட்டையோ ஒரு கிலோ போதும். கொடுக்கும்போது வலது கையால் கொடுங்கள், இடது கை வலது முழங்கையைத் தாங்கட்டும். பெரியவர்களுக்குக் கை கொடுக்கும்போதும் இதே மரியாதைதான். அம்ஹாரிக் மொழியில் நலம் விசாரிக்க, ஆணிடம் "தெஹ்னா நெஹ்?", பெண்ணிடம் "தெஹ்னா நெஷ்?", மூத்தவரிடம் "தெஹ்னா நெவொத்?" என்பார்கள். நீ, நீங்கள் பேதம் நமக்குப் புதிதா என்ன! ஒரு முறை கேட்டதோடு விட்டுவிட மாட்டார்கள். உடம்பு எப்படி, வீட்டில் எப்படி, வேலை எப்படி என்று சுற்றிச் சுற்றி வரும். அவசரப்படாமல் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லிவிட்டு நீங்களும் திருப்பிக் கேளுங்கள். ஒரோமோ மக்கள் வாழும் பகுதியில் "அக்கம்" என்று தொடங்கினால் முகம் மலரும். எண்பதுக்கும் மேற்பட்ட மொழிகள் உள்ள நாடு அது.

காபி போடுவது பெரும்பாலும் வீட்டுப் பெண். தரையில் பசும்புல்லைப் பரப்பி, தணலில் எத்தான் என்ற நறும்பிசினைப் புகையவிட்டு, தாழ்ந்த முக்காலியில் உட்காருவார். வாணலியில் கொட்டையைக் கழுவி, தோலும் தூசும் போனதும் கரி அடுப்பில் வறுப்பார். கை நிற்காமல் ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். நின்றால் ஒரு பக்கம் கருகி, மறுபக்கம் பச்சையாகவே இருந்து, காபி கசந்துவிடும். கொட்டை கறுத்து எண்ணெய் மினுக்கத் தொடங்கியதும் வாணலியோடு எழுந்து வந்து ஒவ்வொருவர் முன்னாலும் நீட்டுவார். விருந்தாளி செய்ய வேண்டிய முதல் காரியம் இங்கேதான் வருகிறது. ஆரத்திப் புகையை முகத்துக்கு வாரிக்கொள்வதைப் போல, கையால் அந்தப் புகையை உங்கள் பக்கம் இழுத்து முகர்ந்து, நன்றாக இருக்கிறது என்று தலையசைக்க வேண்டும். இருமல், இழுப்பு உள்ளவர்கள் கதவோரமாக உட்கார்ந்துகொள்ளலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். ஆனால் முகத்தைத் திருப்பிக்கொண்டால் அது மரியாதைக் குறைவு.

அடுத்து உரலில் இடித்து, ஜெபெனா என்னும் நீண்ட கழுத்துள்ள கறுப்பு மண்கூஜாவில் தண்ணீரோடு கொதிக்கவிடுவார். பொங்கியதும் இறக்கி, தூள் அடியில் தங்கும்வரை சாய்த்து வைப்பார். பிறகு கைப்பிடி இல்லாத சின்னச் சின்னக் கோப்பைகளில், உயரத்திலிருந்து மெல்லிய தாரையாக, இடையில் நிமிர்த்தாமல் ஊற்றிக்கொண்டே போவார். ஒவ்வொரு கோப்பைக்கும் கூஜாவை நிமிர்த்தினால் அடியில் தங்கிய தூள் கலங்கிவிடும் என்பதால்தான் அந்த வித்தை. கோப்பையின் அடியில் கொஞ்சம் மண்டி எப்படியும் இருக்கும், அதைக் குடிக்க வேண்டாம். சர்க்கரை தாராளமாக வரும். சில பகுதிகளில் உப்போ வெண்ணெயோ போடுவார்கள். கூடவே கொறிக்கச் சோளப்பொரி.

முதல் சுற்றுக்குப் பெயர் அபோல், இரண்டாவது தோனா, மூன்றாவது பெரக்கா. அதே தூளில் மறுபடி தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவிடுவதால் ஒவ்வொரு சுற்றும் நீர்த்துக்கொண்டே போகும். தூக்கம் கெடுமே என்று பயப்படுகிறவர்கள் அபோலை மெல்ல உறிஞ்சிவிட்டுப் பெரக்காவை நிம்மதியாகக் குடிக்கலாம். பெரக்கா என்றால் ஆசீர்வாதம். ருசிக்குக் குடிப்பது முதல் கோப்பை, உறவுக்குக் குடிப்பது மூன்றாவது. தெருச் சண்டை, பிள்ளையின் பரீட்சை, பக்கத்து வீட்டுக்காரியின் கல்யாணப் பேச்சு எல்லாம் இந்த இடைவெளிகளில்தான் வரும். மொழி புரியாவிட்டாலும் சும்மா உட்கார்ந்திருங்கள், போனை எடுக்காதீர்கள்.

பேச்சின் நடுவே ஒருவர் திடீரென்று மூச்சை உள்ளே இழுப்பார், ஏதோ கெட்ட செய்தி கேட்டுப் பதறியதைப் போல. பதற்றம் ஒன்றுமில்லை, அது "ஆமாம்". முதல் நாள் இதைக் கேட்டு "என்ன ஆச்சு?" என்று கேட்காத வெளியூர்க்காரர் குறைவு.

பெயர் விஷயத்தில் தமிழர்கள் சட்டென்று ஒட்டிக்கொள்வார்கள். அங்கே குடும்பப் பெயர் கிடையாது, தன் பெயருக்குப் பின்னால் அப்பா பெயர். 1960 ரோம் ஒலிம்பிக்கில் வெறுங்காலோடு மாரத்தான் ஓடித் தங்கம் வென்றவர் அபெபெ பிகிலா. பிகிலா அவருடைய அப்பா. ஆகவே "மிஸ்டர் பிகிலா" என்றால் அப்பாவைக் கூப்பிட்டதாகிவிடும். இனிஷியலை விரித்து எழுதச் சொல்லும் விண்ணப்பப் படிவங்களோடு மல்லுக்கட்டிய யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. உங்கள் பெயரைச் சொல்லும்போது அப்பா பெயரையும் சேர்த்தே சொல்லுங்கள், அடுத்த கேள்வி அவரைப் பற்றித்தான் இருக்கும். மூத்த ஆணை "காஷே", மூத்த பெண்ணை "எத்தியே" என்று அழைப்பது மரியாதை.

சாப்பாடும் வந்தால், ஒரே தட்டில் பரப்பிய இன்ஜெரா என்னும் தோசை போன்ற பெரிய அப்பத்தைச் சுற்றி எல்லோரும் உட்காருவார்கள். உங்களுக்கு நேரே உள்ள பக்கத்திலிருந்து மட்டும், வலது கையால் பிய்த்துக் குழம்பைச் சேர்த்து எடுங்கள். விரலைச் சூப்பாதீர்கள். திடீரென்று ஒரு பெரிய கவளம் உங்கள் வாய்க்கு நேரே வரும். அதன் பெயர் குர்ஷா. உருண்டை எவ்வளவு பெரிதோ அவ்வளவு பிரியம். பாதி கடித்துப் பாதியை விடாமல் வாயை நன்றாகத் திறந்து முழுசாக வாங்கிக்கொள்ளுங்கள். ஒன்றோடு நிறுத்த மாட்டார்கள். நீங்களும் ஒரு கவளம் ஊட்டிவிட்டால் வீடே சிரிக்கும்.

கவளம் வாய்க்கு அருகே வந்த பிறகு "நான் சைவம்" என்று சொல்வது தர்மசங்கடம். வந்து உட்கார்ந்த உடனே "சிகா அல்பெலாம்" என்று சொல்லிவிடுங்கள், இறைச்சி சாப்பிட மாட்டேன் என்று பொருள். "சோம்" அதைவிடப் பயனுள்ள சொல். நோன்பு என்று அர்த்தம். ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் பெரும்பாலான புதன், வெள்ளிக் கிழமைகளில் இறைச்சி, பால், முட்டை தொடுவதில்லை. ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு 55 நாள் நீளும். சாதாரண நாளில் பருப்புக் குழம்பிலும் மசாலா வெண்ணெய் இருக்கக்கூடும், நோன்புச் சமையலில் எண்ணெய்தான். வெண்ணெயும் வேண்டாம் என்பவர்கள் அழைப்பைப் புதனுக்கோ வெள்ளிக்கோ மாற்றிக்கொள்ளலாம்.

படம் எடுக்க நினைத்தால் "ஃபோட்டோ யிச்சலால்?" என்று கேட்டுவிட்டு எடுங்கள், அதுவும் பெரக்காவுக்குப் பிறகு. அனுப்புகிறேன் என்று சொல்லியிருந்தால் அன்றிரவே அனுப்பிவிடுங்கள். அங்கே டெலிகிராம் பரவலாகப் புழங்குவதால் எண்ணை வாங்கும்போதே அதில் இருக்கிறாரா என்று பார்த்துக்கொள்ளுங்கள். விடைபெறும்போது வாசலோடு நிற்க மாட்டார்கள், தெருமுனை வரைக்கும் கூடவே நடந்து வருவார்கள். "நீங்க போங்க, எனக்கு வழி தெரியும்" என்று தடுக்க வேண்டாம்.