இரண்டாம் சரணத்துக்கு முன் ஒரு மூச்சு

ஒலிக்கலவைக் கூடமொன்றில் உதவியாளராகச் சேர்ந்த மூன்றாம் ஆண்டில், கனத்த கிட்டார்களும் கணினியில் அடுக்கிய தாளமும் சேர்ந்த ஒரு பாடல் முதன்முறையாக என் பொறுப்பில் விடப்பட்டது. கேட்டுப் பழகும்படி மூத்த பொறியாளர் எடுத்துக் கொடுத்த குறுந்தகடு, நார்வேயின் ஸ்டாவங்கர் நகரைச் சேர்ந்த தியேட்டர் ஆஃப் டிராஜெடி என்ற மெட்டல் இசைக்குழு 2000இல் வெளியிட்ட ‘மியூசிக்’ ஆல்பம். அந்தப் பெயரையே அகராதியில் உச்சரிப்புக் காட்டும் ஒலிக்குறிகளில்தான் எழுதியிருந்தார்கள்.

அக்குழுவின் முதல் ஆல்பங்களை நான் முன்பே அறிவேன். ரேமண்ட் ரோஹோனியின் உறுமலும் லிவ் கிறிஸ்டைனின் மெல்லிய குரலும் மாறி மாறி வர, வரிகளெல்லாம் பழங்கால ஆங்கிலத்தில் இருக்கும். 1998இல் வந்த ‘ஏஜிஸ்’ ஆல்பத்திலேயே உறுமல் போய்விட்டது. ‘மியூசிக்’ ஆல்பத்திலோ பழைய ஆங்கிலமும் போய், ‘மெஷின்’, ‘ரேடியோ’, ‘கம்யூட்’ என நகரத்தையும் இயந்திரத்தையும் பற்றிய பாடல்கள் வந்திருந்தன. பழைய ரசிகர்கள் பலர் முகம் சுளித்தார்கள். முதல் தடவை கேட்டபோது நானும் சுளித்தேன் என்பதை மறைப்பதற்கில்லை.

அதிலிருந்து நான் கற்றுக்கொண்டதாக நினைத்தது ஒன்றுதான்: எல்லாம் இயந்திரம்போல் துல்லியமாக இருக்க வேண்டும். என் பொறுப்பிலிருந்த பாடலில் கிட்டாரின் ஒவ்வொரு மீட்டலையும் தாளத்தின் கட்டத்தில் பொருத்தினேன். தாழ்ந்த ஒலிப்பகுதியில், காலால் அடிக்கும் பெரிய முரசான கிக் டிரம்முக்கு இடம் விட்டு, கிட்டாரின் கீழ் அதிர்வெண்களைக் குறைத்தேன். இதுவரை பிழையில்லை. பிறகு பாடகியின் டிராக்கைத் திறந்து, வரிகளுக்கு நடுவே கேட்ட மூச்சுகளை ஒன்றுவிடாமல் வெட்டி, அந்த இடங்களில் முழு நிசப்தத்தை வைத்தேன். ஒரு பிற்பகல் முழுவதும் அதற்கே சென்றது. திரையில் துண்டுதுண்டாக நின்ற அலைவடிவத்தைப் பார்க்கப் பெருமையாகக்கூட இருந்தது.

மூத்தவர் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, “இந்தப் பொண்ணு எங்கப்பா மூச்சு விடுது?” என்று மட்டும் கேட்டார். அன்றிரவு அந்த ஆல்பத்தை மறுபடி கேட்டேன். ரோஹோனி ஏற்ற இறக்கமின்றி ஏறக்குறையப் பேசுவதுபோல் பாடுகிறார். தாளம் அச்சு எந்திரமாக ஓடுகிறது. இவற்றுக்கிடையே லிவ் கிறிஸ்டைனின் குரல் மென்மையாகவே இருப்பதால்தான் சுற்றியிருப்பது இரும்பு என்று காதுக்கு உறைக்கிறது. நான் செய்ததோ அந்தக் குரலையும் இரும்பாக்கும் வேலை.

மறுநாள் வெட்டியவற்றை ஒவ்வொன்றாகத் திரும்ப ஒட்டினேன். இரண்டாம் சரணத்துக்கு முன்னால் வரும் நீண்ட மூச்சு மட்டும் அகப்படவில்லை. இடத்தை மிச்சப்படுத்துவதாக எண்ணி அந்தக் கோப்பை அழித்திருந்தேன். முதல் சரணத்தின் மூச்சையே நகலெடுத்து அங்கே வைத்தேன். யாரும் கண்டுபிடிக்கவில்லை, பாடகி மட்டும், ஒருமுறை கேட்டுவிட்டு, “இது என்னோடதுதான், ஆனா இந்த இடத்தோடது இல்லையே” என்றார்.