ஆயில் சூடே ஏறவில்லை என்று மூன்று வாரம் அலைந்தது

நேற்று இரவு ஒருவழியாக என் காரின் இன்ஜின் ஆயில் சூட்டைக் காட்டும் மீட்டரின் முள் 80 டிகிரியைத் தாண்டியது. மூன்று வாரமாக 55-க்கு மேல் நகரமாட்டேன் என்று அடம்பிடித்த முள். சந்தோஷத்தில் பக்கத்து சீட்டில் இருந்த தம்பியைத் தட்டிக் காட்டினேன், "சரிண்ணா, இப்ப வீட்டுக்குப் போலாமா?" என்றான். அவனிடம் சொல்லிப் பயனில்லை, அதனால் எழுதி வைக்கிறேன்.

போன வருடம் இன்ஜினைப் பிரித்தபோது ஃபோர்ஜ்டு (அடித்து உருவாக்கிய அலுமினியம்) பிஸ்டன் போட்டேன். அன்றிலிருந்து காலையில் ஸ்டார்ட் செய்ததும் உள்ளே யாரோ சின்ன சுத்தியலால் தட்டுவதுபோல டொக் டொக் என்று கேட்கும், சூடானதும் காணாமல் போய்விடும். அலுமினியம் வார்ப்பிரும்பைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விரியும், அதிலும் ஃபோர்ஜ்டு பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவே இடைவெளி கொஞ்சம் தாராளமாக விட்டுத்தான் பொருத்துவார்கள். ஆகவே சத்தம் என்னைப் பயமுறுத்தவில்லை. எந்த நிமிடத்திலிருந்து தைரியமாக மிதிக்கலாம் என்பதுதான் தெரியாமல் இருந்தது.

இத்தனை வருடமும் டேஷ்போர்டில் இருக்கும் டெம்பரேச்சர் முள்ளை நம்பித்தான் ஓட்டினேன். ஒருநாள் ஓபிடி அடாப்டரை (வண்டியின் கம்ப்யூட்டர் தகவலைப் போனுக்கு அனுப்பும் கருவி) சொருகி, போனில் வரும் டிகிரிக் கணக்கையும் டேஷில் முள்ளையும் மாறி மாறிப் பார்த்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) 74 டிகிரி வந்ததுமே முள் நடுவில் போய் உட்கார்ந்துகொள்கிறது, 103 வரை இம்மிகூட அசையவில்லை. முள் ஆடினால் வண்டிக்காரர் பயப்படுவார் என்று வேண்டுமென்றே இப்படி வைக்கிறார்கள். போகட்டும், அதுவும் கூலன்டின் கணக்குதானே. ஆயில் வேறு கதை. ஓபிடியில் ஆயில் சூட்டுக்கும் ஓர் இடம் உண்டு, ஆனால் என் வண்டி அந்தக் கேள்விக்குப் பதிலே சொல்லாது.

அதனால் ஆயில் ஃபில்டருக்கும் பிளாக்குக்கும் நடுவே சாண்ட்விச் பிளேட் (சென்சார் மாட்ட ஓட்டை உள்ள வளையத் தகடு) வைத்து, அதில் ஒற்றை ஒயர் சென்சார் மாட்டினேன். வேலை அரை நாளில் முடிந்தது. மறுநாள் இருபத்தைந்து நிமிடம் ஓட்டியும் மீட்டர் 52. அடுத்த நாள் 55. அதற்கு அடுத்த நாள் ஒரு மேட்டில் நான்காயிரம் ஆர்பிஎம்மில் ஏறி இறங்கியும் 54. ஆயில் கூலர்கூட இல்லாத வண்டியில் இது நடக்கவே நடக்காது.

சென்சாரைக் கழற்றி, கொதிக்கும் தண்ணீரில் விட்டு, அதன் உடம்பில் ஒரு கிளிப்பைக் கவ்வவிட்டு பேட்டரி நெகட்டிவுக்கு ஒயர் இழுத்துப் பார்த்தேன். மீட்டர் கச்சிதமாக 100 காட்டியது. திரும்ப வண்டியில் மாட்டினால் 55. மீட்டரை மாற்றினேன், ஒயரை மாற்றினேன், தெர்மோஸ்டாட் (கூலன்ட் சூடாகும்வரை மூடியிருக்கும் வால்வு) திறந்தபடி மாட்டிக்கொண்டதோ என்று அதையும் வெளியே எடுத்துப் பார்த்தேன் (அது பாவம், நன்றாகவே இருந்தது). விடை மேஜை மேலேயே இருந்தது. அந்தக் கிளிப்! தண்ணீரில் சோதித்தபோது எர்த்தை, அதாவது மின்சாரம் திரும்பும் வழியை, நானே கொடுத்தேன். வண்டியில் சென்சாருக்கு எர்த் அதன் மரை வழியாக மட்டுமே கிடைக்கும். அந்த மரையின்மேல் நான் டெஃப்லான் டேப்பை ஐந்து சுற்றுச் சுற்றியிருந்தேன். மல்டிமீட்டரை வைத்தால், சென்சார் உடம்புக்கும் பிளாக்குக்கும் நடுவே பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டிய ஓம், ஒயரைத் தொட்டால் ஏறுகிறது, விட்டால் இறங்குகிறது. இந்த வகை சென்சாரில் சூடு ஏற ஏற மின்தடை குறையும், நன்றாகச் சூடானபின் மொத்தமே சில பத்து ஓம்தான். அதோடு டேப் கொடுக்கும் தடையும் சேர்ந்தால் ஆயில் குளிர்ந்து கிடப்பதாக மீட்டர் நம்பிவிடும்.

சரி, டேப்பை எடுத்துவிட்டால் ஆயிற்று? எடுத்தேன். ஆயில் கசிந்தது. ஐந்து சுற்று சுற்றியதே கசிவை நிறுத்தத்தான்! இன்னும் கொஞ்சம் இறுக்கினேன், மூன்று திருகுக்கு மேல் ஸ்பானர் போகவில்லை, அலுமினியம் பிளேட் என்பதால் மேலும் மல்லுக்கட்டப் பயம். ராத்திரி சும்மா உட்கார்ந்து, பிளேட்டோடு வந்த மூடித் திருகையும் சென்சாரையும் பக்கவாட்டில் ஒன்றோடொன்று சேர்த்துவைத்து டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்தேன். முதல் இரண்டு பல் அழகாகப் பொருந்துகிறது. நான்காவது பல்லில் தலைமுடி அளவுக்கு வெளிச்சம் தெரிகிறது. எட்டாவதில் ஒரு பல்லின் முனை பள்ளத்தை விட்டு விலகி இன்னொன்றின் சரிவில் ஏறத் தொடங்கிவிட்டது.

பிளேட்டின் மரை 1/8 என்பிடி, அமெரிக்க முறை. சென்சாரின் மரை 1/8 பிஎஸ்பிடி, பிரிட்டிஷ் முறை. முதலாவதில் அங்குலத்துக்கு 27 மரை, கோணம் 60 டிகிரி. இரண்டாவதில் அங்குலத்துக்கு 28, கோணம் 55. இரண்டும் கூம்பு மரை, இரண்டின் பெயரும் 1/8. கையால் திருகினால் சில சுற்று சமர்த்தாகப் போகும், அப்புறம் இறுகும், இறுகியதும் நாம் பொருந்திவிட்டது என்று நினைத்துக்கொள்வோம். விற்றவர் "1/8" என்று மட்டும் போட்டிருந்தார். கேட்டதற்கு "எல்லா வண்டிக்கும் சேரும் சார்" என்று பதில். வாங்கும்போது என்பிடியா பிஎஸ்பிடியா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள், சொல்லத் தெரியாதவரிடம் வாங்காதீர்கள். மரை கேஜ் ஒன்று கையில் இருந்தால் மூன்று வாரம் மிச்சம், எனக்கு இப்போது இருக்கிறது.

அதே மீட்டருக்குப் பொருந்தும் என்பிடி சென்சார் வரவழைத்து, டேப்புக்குப் பதில் திரவ சீலன்டை நடுமரையில் மட்டும் மெல்லப் பூசி, முனை மரைகளை வெறுமையாக விட்டு மாட்டினேன். கசிவு இல்லை, ஓம் ஒழுங்காக இருக்கிறது.

இப்போது வேடிக்கை. 22 டிகிரியில் ஸ்டார்ட் செய்து பத்து நிமிடம் சும்மா ஐடிலிங்கில் விட்டேன்: கூலன்ட் 64, ஆயில் 43. மறுநாள் அதே 22 டிகிரி, முக்கால் நிமிடம் நின்றுவிட்டு மெதுவாகக் கிளம்பினேன். ஆறாவது நிமிடம் கூலன்ட் 83, டேஷ் முள் எப்போதோ நடுவுக்கு வந்துவிட்டது, ஆயில் வெறும் 51. ஆயில் 80 தொட்டபோது பதினான்கு நிமிடம் ஆகியிருந்தது. அந்த எட்டு நிமிட இடைவெளியில்தான் இத்தனை வருடம் நான் ரெட்லைன் (ஆர்பிஎம் மீட்டரின் சிவப்புக் கோடு) வரை மிதித்துக்கொண்டிருந்தேன். 5டபிள்யூ-30 ரக ஆயில் 100 டிகிரியில் இருப்பதைப்போல 40 டிகிரியில் ஐந்தாறு மடங்கு கெட்டி. ஆயில் பிரஷர் மீட்டர் எகிறி நிற்பதைப் பார்த்து ஆயில் நன்றாகப் போகிறது என்று மகிழ்வதில் அர்த்தமில்லை, அழுத்தம் தாங்காமல் ரிலீஃப் வால்வு திறந்து ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கும்.

நின்றபடியே சூடாக்குகிறேன் என்று கால் மணி நேரம் புகைவிடும் நண்பர்கள் கோபித்துக்கொள்ளலாம். குளிர் இன்ஜினுக்கு பெட்ரோல் கூடுதலாகப் போகும், அது சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயிலைக் கழுவிக்கொண்டு அடியில் ஆயில் தேங்கும் சம்ப்புக்கு இறங்கும். கியர்பாக்ஸும் வீல் பேரிங்கும் டயரும் நின்ற இடத்தில் சூடாகப்போவதில்லை. என் வண்டியில் இரண்டாவது கியர் முதல் ஐந்து நிமிடம் முரண்டுபிடிக்கும், ஐடிலிங்கில் எவ்வளவு நேரம் விட்டாலும் அதற்குக் குணமில்லை.

இப்போதைக்கு நான் வைத்திருக்கும் கணக்கு: ஆயில் 60 வரும்வரை 2500 ஆர்பிஎம்முக்குள், 80 வரை 4000-க்குள், அதற்குமேல் இஷ்டம். 2500-க்குள் என்றால் ஐந்தாவது கியரில் திணறவிட்டு மிதிப்பதும் கூடாது, குறைந்த ஆர்பிஎம்மில் பாரம் ஏற்றினால் பேரிங்குக்கு அது இன்னும் மோசம்.

பிஎம்டபிள்யூ இ46 எம்3-இல் ஆர்பிஎம் மீட்டரைச் சுற்றி விளக்குகள் இருக்கும், ஆயில் சூடாக ஆக ஒவ்வொன்றாக அணைந்து எல்லை உயரும். அதைப் பார்த்ததிலிருந்து ஆசை. சின்ன மைக்ரோகன்ட்ரோலர், ஆறு எல்இடி, இதே சென்சாரின் சிக்னல் என்று வரைபடம் போட்டாயிற்று, எல்இடிகூட வந்துவிட்டது. ஆனால் மீட்டர் ஒயரையே இன்னும் ஒழுங்காகக் கட்டவில்லை, ஃபயர்வால் (இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள தடுப்பு) ஓட்டைக்கு ஒயரைக் காக்கும் ரப்பர் வளையம் (கிராமெட்) இல்லாமல் இன்சுலேஷன் டேப் சுற்றி விட்டிருக்கிறேன். இதற்கு நடுவில் ஆயில் கூலர் வேறு பார்த்து வைத்திருக்கிறேன், தெர்மோஸ்டாட் உள்ள சாண்ட்விச் பிளேட்டோடு. அதன் போர்ட்டும் 1/8 என்றே போட்டிருக்கிறார்கள். கேட்டு எழுதியிருக்கிறேன், பதில் இன்னும் வரவில்லை.