கிக்கி பெர்டென்ஸின் குதிகால்

டென்னிஸ் பிசியோவாக வேலைக்குச் சேர்ந்தபிறகு, ஒரு வீராங்கனையின் வரலாற்றைப் படிக்கும் விதமே எனக்கு மாறிப்போனது. எந்தக் கோப்பையை வென்றார் என்று பார்ப்பதற்கு முன்னால், அதற்கும் அடுத்த போட்டிக்கும் நடுவில் எத்தனை நாள் ஓய்வு கிடைத்தது என்றுதான் கண் போகிறது. அப்படிப் பார்க்கப் பார்க்க எனக்கு மிக நெருக்கமாகிப்போனவர் நெதர்லாந்தின் கிக்கி பெர்டென்ஸ்.

2016ஆம் ஆண்டின் மே மாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நியூரம்பெர்க் போட்டியில் தகுதிச் சுற்றிலிருந்து ஆடிப் பட்டத்தை வென்றார். அதே வாரம் யோஹானா லார்சனோடு சேர்ந்து இரட்டையர் பட்டமும் வாங்கினார். உடனே பாரிஸ், களிமண் தரையில் நடக்கும் பிரெஞ்சு ஓப்பன். முதல் சுற்றிலேயே எதிரில் நின்றவர் அந்த ஆண்டின் ஆஸ்திரேலிய ஓப்பன் சாம்பியன் ஏஞ்சலிக் கெர்பர். அவரை வீழ்த்தினார். மூன்றாம் சுற்றில் தாரியா கசாட்கினாவுக்கு எதிராகக் கடைசி செட் 10-8 வரை போனது. அரையிறுதிக்கு வந்தபோது கெண்டைக்காலில் காயம். அந்தக் காலோடுதான் செரீனா வில்லியம்ஸை முதல் செட்டில் ஆறுக்கு ஆறு என்று சமமாக்கி டைபிரேக்கர் வரை இழுத்தார். 7-6, 6-4 என்று தோற்றார். பத்திரிகைகளுக்கு அது ஓர் அதிசய ஓட்டம். எனக்கு அந்த அட்டவணையைப் பார்த்தாலே வயிற்றைக் கலக்கும். களிமண் தரையில் சறுக்கி நின்று, மறுபடி உந்தி ஓடும் ஒவ்வொரு முறையும் அந்தச் சுமையை முதலில் வாங்குவது கெண்டைக்கால்தான்.

அடுத்த ஆண்டு இன்னும் இரண்டு ஒற்றையர் பட்டங்கள், நியூரம்பெர்க்கிலும் ஸ்விட்சர்லாந்தின் க்ஸ்டாடிலும். ஆனால் 2017 முடிவில் டென்னிஸையே விட்டுவிடலாமா என்று யோசித்ததாக அவரே பின்னாளில் பேசியிருக்கிறார். ஆட்டத்தில் சந்தோஷமே இல்லாமல் போய்விட்டதாம்.

இதை முதலில் படித்தபோது எனக்கு ஆச்சரியம் வரவில்லை. என் சிகிச்சை மேசைக்கு வரும் பிள்ளைகளில் சிலர் இப்படித்தான். ஸ்கேனில் ஒன்றும் இருக்காது. மூட்டு நன்றாக மடங்கும், பலம் சரியாக இருக்கும், ஓடச் சொன்னால் ஓடுவார்கள். ஆனால் கோர்ட்டுக்குப் போகும் நேரம் வந்தால் ஷூ லேஸ் கட்டவே அவ்வளவு நேரமாகும். கூட வந்த அப்பாவோ அம்மாவோ, "எப்ப மேடம் திரும்ப ஆடலாம்?" என்று கேட்பார்கள். ஆட விருப்பமா என்று அந்தப் பிள்ளையைக் கேட்பவர் யாரும் அங்கே இருக்கமாட்டார்கள். சரி, நானாவது கேட்போம் என்று, பெற்றோரை வெளியே உட்காரவைத்துவிட்டுத்தான் இப்போதெல்லாம் பேச்சை ஆரம்பிக்கிறேன்.

பெர்டென்ஸுக்கு அப்படிக் கேட்க ஒருவர் இருந்தார். அவருடைய கோச் ராமோன் ஸ்லைட்டர், தானும் உலகச் சுற்றில் ஆடிக் களைத்த முன்னாள் வீரர். விட்டுவிடலாம் என்று நினைத்தவர் அடுத்த ஆண்டு சார்ல்ஸ்டனில் வென்றார், மாட்ரிட் இறுதிக்கு வந்தார், விம்பிள்டன் காலிறுதிக்குப் போனார். களிமண் தரை ஆட்டக்காரி என்று எல்லோரும் எழுதிக்கொண்டிருந்தபோது சின்சினாட்டியின் ஹார்ட் கோர்ட் எனும் கடினத் தரையில், உலகின் முதலிடத்தில் இருந்த சிமோனா ஹாலெப்புக்கு எதிராகத் தோல்வியின் விளிம்பிலிருந்து, இன்னும் ஒரு புள்ளி எடுத்தால் ஹாலெப் வென்றுவிடுவார் என்ற மேட்ச் பாயின்டைத் தடுத்து 2-6, 7-6, 6-2 என்று கோப்பையை எடுத்தார். 2019 மாட்ரிட்டில் ஒரு செட்கூட இழக்காமல் பட்டம். இறுதியில் மறுபடியும் ஹாலெப், 6-4, 6-4. அதன்பின் உலகத் தரவரிசையில் 4ஆம் இடம். நெதர்லாந்துப் பெண்களில் அதற்குமுன் மிக உயரம் தொட்டவர் பெட்டி ஸ்டோவ், 1977இல் 5ஆம் இடம். (ஸ்டோவ் அந்த ஆண்டு விம்பிள்டனில் ஒற்றையர், இரட்டையர், கலப்பு இரட்டையர் மூன்றிலும் இறுதிக்கு வந்து மூன்றிலும் தோற்றவர். அவரைப் பற்றியும் யாராவது விரிவாக எழுதவேண்டும்.)

அப்புறம் 2020. அந்த ஆண்டு பிரெஞ்சு ஓப்பன் கொரோனாவால் குளிர் தொடங்கும் பருவத்துக்குத் தள்ளிப்போயிருந்தது. பெர்டென்ஸ் அமெரிக்க ஓப்பனுக்குப் போகவில்லை. மாதக்கணக்கில் பெரிய ஆட்டப் பழக்கமே இல்லாமல்தான் பாரிஸுக்கு வந்தார். இரண்டாம் சுற்றில் இத்தாலியின் சாரா எர்ரானியோடு மூன்று மணி நேரத்துக்கும் மேல் போராடி 7-6, 3-6, 9-7 என்று வென்றார். கடைசி செட்டில் தசைப்பிடிப்பு. ஆட்டம் முடிந்ததும் தரையில் விழுந்து அழுதார், சக்கர நாற்காலியில் வைத்து வெளியே கொண்டுபோனார்கள். அடுத்த சுற்றில் எழுந்துவந்து கேத்தரினா சினியகோவாவை 6-2, 6-2 என்று சுலபமாக வென்றார். எர்ரானியோடு ஆடிய அன்று நடித்தாரா என்ற பேச்சும் கிளம்பியது.

இதைக் கேட்டால் எனக்கு இன்றும் கோபம் வரும். பிடிப்பு என்பது கிழிசல் இல்லை. தண்ணீரும் உப்பும் குறைவதால் மட்டும் வருவதும் இல்லை; களைத்துப்போன தசைக்கும் அதை இயக்கும் நரம்புக்கும் நடுவே ஒழுங்கு குலைவதே பெரிய காரணம் என்று இப்போது பலரும் கருதுகிறார்கள். வரும் நேரத்தில் ஆளையே கத்த வைக்கும். நீட்டி, ஓய்வு கொடுத்தால் விட்டுவிடும். மறுநாள் வலி மிச்சமிருக்கும், அதற்கடுத்த நாள் ஆடிவிடலாம். பள்ளிக்கூடப் போட்டியிலேயே இதை எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். பழக்கம் விட்டுப்போன உடம்பை மூன்று மணி நேரம் ஓடவிட்டால் இதுதான் நடக்கும்.

உண்மையான தொல்லை இருந்தது குதிகாலில். பாரிஸ் முடிந்த கையோடு அக்டோபரில், கெண்டைக்கால் தசையைக் குதிகால் எலும்போடு இணைக்கும் அக்கிலிஸ் தசைநாணில் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். இந்தத் தசைநாண் எங்கள் தொழிலில் மிகவும் பொறுமையைச் சோதிக்கும் இடம். ரத்த ஓட்டம் குறைவு, அதனால் மெதுவாகத்தான் ஆறும். காலையில் கட்டிலிலிருந்து இறங்கும்போது முதல் அடியில் இழுத்துப் பிடிக்கும். வார்ம்-அப் செய்ததும் குறைந்துவிடும், சரியாகிவிட்டது என்று நம்பவைக்கும். ஆடி முடித்த மறுநாள் திரும்ப வரும். படிக்கட்டு விளிம்பில் முன்பாதத்தை வைத்துக் குதிகாலை மெல்ல இறக்கும் பயிற்சியை மாதக்கணக்கில் செய்யவேண்டும். பதின்ம வயதுப் பிள்ளைக்கே அலுத்துப்போகிற வேலை அது. பத்துப் பட்டங்களை வென்று, ஆண்டு முழுக்கச் சூட்கேஸோடு வாழ்ந்து, ஏற்கெனவே ஒருமுறை விட்டுவிட நினைத்த ஒருவர், மறுபடி முதலிலிருந்து அந்தப் படியில் நிற்கிறார் என்று யோசித்துப் பாருங்கள்.

2021 மார்ச்சில் திரும்பி வந்தார். வெற்றிகள் அரிதாகவே கிடைத்தன. பிரெஞ்சு ஓப்பனில் முதல் சுற்றிலேயே வெளியேறினார். ஜூனில், இதுதான் என் கடைசி ஆண்டு என்று அறிவித்தார். வயது 29. விம்பிள்டன், பிறகு டோக்கியோ ஒலிம்பிக், அத்தோடு நிறுத்திக்கொண்டார்.

இன்னும் இரண்டு வருடம் ஆடியிருந்தால் ஒரு கிராண்ட் ஸ்லாம் வந்திருக்கும் என்று சொல்பவர்களைச் சந்தித்திருக்கிறேன். வந்திருக்கலாம், அந்த ஆட்டத்துக்கு அந்தத் தகுதி இருந்தது. ஆனால் அந்த இரண்டு வருடத்தின் காலைகளை வாழவேண்டியவர் அவர்தான். டாக்டரோ, சங்கமோ, ஸ்பான்சரோ போதும் என்று சொல்லும்வரை காத்திருக்காமல், தரவரிசையில் நல்ல இடத்தில் இருக்கும்போதே தன் வேலையைத் தானே முடித்துக்கொண்டார். அந்த முடிவை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். என் மேசையில் படுத்திருக்கும் பிள்ளைகளுக்கு மாட்ரிட் கோப்பையைப் பற்றிச் சொல்லும்போது இதையும் சேர்த்தே சொல்கிறேன்.