ஒரு சென்டிமீட்டரும் மூன்று லைஃபும்

கொழிஞ்சாம்பாறையில் எங்கள் வீட்டில், இரவுச் சாப்பாடு முடிந்ததும் என் கணவர் கைப்பேசியில் கேம் ஆட உட்காருவார். பள்ளி நாட்களில் நீளம் தாண்டிய நான், பக்கத்திலேயே பழைய தடகளப் போட்டிகளைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருப்பேன். சென்ற வாரம் 2022 பர்மிங்காம் காமன்வெல்த் போட்டி ஓடியது. நீளம் தாண்டலில் எங்கள் பாலக்காட்டு ஸ்ரீசங்கர் 8.08 மீட்டர் தாண்டினார். பஹாமாஸ் வீரர் நெய்ர்ன் தாண்டியதும் அதே 8.08தான். ஆனால் அடுத்த சிறந்த தாவல் நெய்ர்னுக்கு 7.98, ஸ்ரீசங்கருக்கு 7.84 என்பதால் தங்கம் நெய்ர்னுக்குப் போனது.

என் கணவர் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தார். "ஏங்கண்ணு, ஸ்கோர் சமமா வந்தா இன்னொரு ரவுண்டு வெக்க வேண்டாமா? பழைய லெவல் பாயிண்டைத் தோண்டியெடுத்துத் தோக்கடிக்கிற கேமை நான் எங்கயும் பார்த்ததில்ல."

"உங்க கேம்ல செத்தா பத்து செகண்டுல எந்திரிச்சு வந்துருவீங்க மாமா. இங்க மூணு தாவல், அதாவது மூணு லைஃப்தான். முதல் எட்டுப் பேருக்குள்ள வந்தா இன்னும் மூணு கிடைக்கும். தாவுறப்போ கால் நுனி கோட்டைத் தாண்டுச்சுன்னா நடுவர் சிவப்புக் கொடியைத் தூக்கிருவார், அந்த லைஃப் போச்சு."

"நெட்டு மெதுவாகி லேக் ஆயிருச்சுன்னு சொல்ல முடியாதா?"

"அதைச் சொல்லித்தான நீங்க தினமும் தப்பிக்கறீங்க!"

பேச்சு காற்றுக்குத் திரும்பியது. முதுகுப் பக்கமிருந்து நொடிக்கு 2 மீட்டருக்கு மேல் காற்று வீசினால் தாண்டிய தூரம் சாதனைக் கணக்கில் சேராது. 1991இல் டோக்கியோவில் கார்ல் லூயிஸ் தாண்டிய 8.91 மீட்டர் அப்போதைய உலக சாதனையான 8.90ஐ மிஞ்சியும் கணக்கில் ஏறாமல் போனது அதனால்தான். அதே போட்டியில் மைக் பவல் முறையான காற்றில் 8.95 தாண்டிவிட்டார். "அப்படீன்னா காத்துதான் கேமை ஏமாத்தி ஜெயிக்கிற சீட் கோடு. ஆடி மாசம் நம்ம கணவாய்க் காத்துல குதிச்சா நானே பவலை முந்திருவேன்" என்றார். கேம் பாஷையில் சொன்னால் ஒரு விதியின் நியாயம் அவருக்கு அரை நிமிடத்தில் பிடிபட்டுவிடுகிறது. அதில் எனக்கு உள்ளபடியே மகிழ்ச்சி.

மறுநாள் காலையில், அதே பர்மிங்காமில் மும்முறை தாண்டலில் நம் கேரளத்து எல்தோஸ் பால் 17.03 மீட்டரில் தங்கமும், அப்துல்லா அபூபக்கர் 17.02 மீட்டரில் வெள்ளியும் வென்றதைச் சொன்னேன். உடனே டேப்பை எடுத்துக்கொண்டு களத்துக்குப் போனார். வாசற்படியில் ஒரு முனையை நான் பிடித்துக்கொள்ள, மறுமுனையை அவர் மாட்டுக்கொட்டகை வரை இழுத்துப் போய், 17.02இல் ஒன்றும் 17.03இல் ஒன்றுமாகச் சாக்பீஸால் இரண்டு கோடு கிழித்தார். பிறகு குனிந்து அவற்றின் மேல் கட்டைவிரலை வைத்தார். இரண்டு கோடும் மறைந்துபோயின. விரலை எடுக்காமலே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கண்ணு, நீ ஒரு லைஃப் ஆடு" என்று வைக்கோலைப் பரப்பினார். நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடிவந்து தாவினேன். திரும்பிப் பார்த்தபோது, நான் தாவிய கோட்டருகே மண்டியிட்டிருந்தவர் தோளில் கிடந்த சிவப்புத் துண்டை உயர்த்திப் பிடித்திருந்தார்.