கீபோர்டுக்கு எதற்கு யூபிஎஸ்?
“கீபோர்டுக்கு யூபிஎஸ் எதுக்குண்ணே?” என்று ஒலிபெருக்கி தம்பி கேட்கிறார். நான் வாசிக்கிற கோர்க் கம்பெனி க்ரோனோஸ் பார்க்கத்தான் மியூசிக் கீபோர்டு தம்பி, உள்ளே ஓடுவது கம்ப்யூட்டரில் ஓடுகிற அதே லினக்ஸ். 2005இல் வந்த அதே கம்பெனியின் ஓயாசிஸ் கீபோர்டும் அப்படித்தான். கரண்ட் ஒரு நொடி போனாலும் மறுபடி எழுந்து வர இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். அதுவரை பாடகர் “கோலாலம்பூர், சாப்பிட்டாச்சா?” என்று எத்தனை தடவை கேட்பார்?

நம்ம கல்யாண மண்டபங்களைச் சொல்லவே வேண்டாம். மேடை விளக்கும் டீ பாய்லரும் ஒரே லைனில் இருக்கும்.

ஆனாலும் இந்தப் பெட்டியை விட மனசு வராது. பாட்டுகளுக்கான ஒலிகளை வரிசையாக அடுக்கி வைக்கும் செட் லிஸ்டைத் திறந்தால் திரையில் 16 கட்டங்கள், பாட்டுக்கு ஒன்று. அடுத்த கட்டத்தைத் தொட்டாலும் விரலில் பிடித்திருக்கும் ஸ்ட்ரிங்ஸ் (வயலின் கூட்ட ஒலி) பாதியில் அறுந்துபோகாது, அதன் மேலேயே புல்லாங்குழலை ஏற்றிவிடலாம்.

சரி, சனிக்கிழமை பினாங்கில் வாசிக்கிறோம். பட்டர்வொர்த் பக்கம் யாரிடமாவது நல்ல நீளமான எக்ஸ்டென்ஷன் வயர் இருந்தால் இன்பாக்ஸில் வாங்க.