முதலில் பாதம், பிறகுதான் மூச்சு

மோட்டார் சைக்கிள் விபத்தில் அடிபட்டவர்களுக்குக் காயம் ஆறிய பிறகும் பயம் ஒன்று மிஞ்சிவிடுகிறது. மலேசியாவின் ஃபெடரல் நெடுஞ்சாலையில் பின்னால் லாரி ஹாரன் கேட்டாலே கை வெலவெலத்துப் போகும். அவர்களிடம் "மனசுல என்ன இருக்கு?" என்று கேட்டால் "ஒன்னும் இல்லைங்க" என்பார்கள். "உடம்புல எங்க தெரியுது?" என்று கேட்டுப் பாருங்கள். நெஞ்சு படபடக்குது, தொண்டை அடைக்குது, அடிவயிறு கலங்குது என்று சொல் தானாக வரும். அங்கிருந்துதான் பயத்தைத் தணிக்கும் பயிற்சி தொடங்குகிறது.

கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கச் சொல்வதுதான் அதிகம் நடக்கும் தவறு. பயம் நெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறது. கண்ணையும் மூடிவிட்டால் சுற்றிலும் ஆபத்தில்லை என்று மூளை பார்த்துக்கொள்ள வழியே இல்லை. முதுகுக்குப் பின்னால் சுவர், எதிரே வாசல் தெரியும்படி உட்காருங்கள். கழுத்தை மெல்லத் திருப்பி, கண்ணில் படும் ஐந்து பொருள்களின் பெயரைச் சொல்லுங்கள்: மின்விசிறி, சாமி மாடம், தூரத்தில் போகும் எல்.ஆர்.டி. ரயில் என்று. பிறகு உள்ளங்கால்களைத் தரையில் 5 விநாடி அழுத்தி, தளர விடுங்கள். ஐந்து முறை போதும். முதல் வாரம் முழுக்க இது மட்டும், காலையும் மாலையும் 3 நிமிடம். அற்பமாகத் தோன்றும், தாண்டிப் போனவர்கள் திரும்ப இங்கேதான் வந்து நிற்கிறார்கள்.

அடுத்து, உடம்பில் தொந்தரவில்லாத ஓர் இடத்தைத் தேடுங்கள். பலருக்கு அது உள்ளங்கை, சிலருக்குக் குதிகால். அங்கே 30 விநாடி கவனம். பிறகு இறுகிய இடத்தின் ஓரத்தை மட்டும் 10 விநாடி கவனத்தால் தொட்டுவிட்டு உள்ளங்கைக்கே திரும்புங்கள். மூன்று சுற்று. அமெரிக்க உளவியலாளர் பீட்டர் லெவின், உடம்பின் வழியே அதிர்ச்சியை ஆற்றும் தம் சிகிச்சை முறையில் இதை ஊசல் போன்ற அசைவாக விளக்குகிறார். "அழுது தீர்த்துடலாம்" என்று வலியின் நடுவிலேயே தங்கினால் அன்றிரவு தூக்கம் கெடும்.

படபடப்பு ஏறினால் நிறுத்துவது எல்லாருக்கும் தெரியும். கவனிக்காமல் விடுவது மரத்துப்போவதை. "இப்ப அமைதியா இருக்கு" என்பார்கள். காலடியில் தரை ஓடு சில்லென்று தெரிகிறதா என்று கேளுங்கள். அமைதி என்றால் தெரியும். தெரியவில்லை, சத்தமும் தூரத்தில் கேட்கிறது என்றால் உடம்பு மரத்திருக்கிறது. எழுந்து நின்று இரு கைகளாலும் சுவரைத் தள்ள வேண்டும்.

மூச்சு மூன்றாவது வாரத்தில். நான்கு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விடுங்கள்; மூச்சு வெளியேறும்போது, மூளையிலிருந்து இதயத்துக்கு இறங்கும் வேகஸ் நரம்பு இதயத் துடிப்பைத் தணிக்கிறது. ஆறு மூச்சு போதும். ஆழமாக வேகவேகமாக இழுத்தால் இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து தலை சுற்றும், விரல் மதமதக்கும். அதையே பயம் திரும்பிவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள்.

கெட்ட கனவும் விபத்து கண்முன் வந்து நிற்பதும் ஒரு மாதம் தாண்டியும் ஓயாவிட்டால், பயிற்சியோடு நிறுத்தாமல் அரசாங்கக் கிளினிக்குக்குப் போங்கள். குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் 1 ரிங்கிட். உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றினால் அன்றே 15555 என்ற மனநல உதவி எண்ணை அழைத்துப் பேசுங்கள். டாக்டரிடம் "தூக்கம் வரல" என்பதோடு நின்றுவிட வேண்டாம். விபத்து நடந்த தேதி, எந்தச் சத்தத்துக்கு உடம்பு பதறுகிறது, எத்தனை நாளாக மோட்டாரைத் தொடவில்லை: மூன்றையும் தாளில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுங்கள்.